வடக்கென்று ஏறிய மலை

இவருக்குத் திசை பிழைக்காது. இது நான் சொல்வதல்ல, இவரே சொல்வது. கலியாணம் கட்டி ஒக்லண்டுக்கு வந்த நாளில் இருந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று. இருபத்திரண்டு வருடம் பார்சல் வான் ஓட்டின மனுசன். அந்தப் பக்கம் கிளென்ஃபீல்ட், இந்தப் பக்கம் பாபகூரா, எங்கே அனுப்பினாலும் ஃபோனில் மேப் திறக்க மாட்டார். "சூரியன் நிக்குதுதானே, பிறகென்ன மேப்?" என்பார். ஹென்டர்சனில் வீடு வாங்கப் போனபோதும் ஏஜென்ட் வாய் திறக்க முதலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "வடக்குப் பாத்த ஹோல். குளிர் காலத்திலையும் நாள் முழுக்க வெயில் விழும்," என்று தீர்ப்புச் சொன்னார். சொன்னபடி விழுந்தது. இந்த நாட்டில் மதியச் சூரியன் வடக்கில்தான் நிற்கும்.

அப்படிப்பட்டவருக்குப் போன வருடம் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. மூன்று மாதத்தில் டொக்டர், "இனி நீங்கள் தாராளமாக நடக்கலாம், மலைகூட ஏறலாம்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். மலையா? இவர் கடிதப்பெட்டி வரைக்கும் போவார், ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு திரும்பி வருவார், அவ்வளவுதான். மூலையில் இருக்கிற டெய்ரிக் கடையில் பால் வாங்கக் கார் எடுத்தார். கேட்டால் முழங்கால் நோகுது, சொக்ஸ் இறுக்குது, மழை இருட்டுது. வேலையையும் விட்டுவிட்டார். பயமாக இருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்கு வேலை இரத்தம் எடுப்பது. ஒரு நாளைக்கு நாற்பது பேரின் கையில் ஊசி குத்துகிறேன். "பயப்பிடாதேங்கோ, எறும்பு கடிச்ச மாதிரித்தான்" என்று நான் சொன்னால் எவ்வளவு பெரிய ஆளும் கையை நீட்டும். வீட்டில் மட்டும் என் வாய் வார்த்தை செவிடன் காதில் ஊதின சங்கு. தன்மையாகச் சொன்னேன், அழுதேன், கடைசியில் கத்தத் தொடங்கினேன். ஒரு வருடமாக எங்கள் வீட்டில் தினமும் கேட்ட சத்தம் "எழும்பி நடவுங்கோ!" என்பதுதான். மனுசன் உயிரோடு இருந்தார், ஆனால் எனக்கு அவர் திரும்பிக் கிடைக்கவில்லை. அதுதான் என் ஆத்திரம்.

செப்டெம்பரில் லண்டனில் என் அண்ணாவின் மகனுக்குக் கலியாணம். அவ்வளவு தூரம் போகிறீர்கள், பிறகு ஒரு வாரம் எங்கேயாவது போய் வாருங்கள் என்று மகள்தான் அந்தச் சுற்றுலாவைக் கண்டுபிடித்தாள். அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவில் அசோரஸ் என்று போர்த்துக்கல்காரரின் எரிமலைத் தீவுகள். பன்னிரண்டு பேர், ஒரு வழிகாட்டி, ஒரு வான். காடு, ஏரி, பறவை, தினமும் கொஞ்சம் நடை. "இட்ஸ் வெரி ஈஸி வாக்கிங், அம்மா. அப்பா வில் லவ் இட்," என்றாள்.

அப்பா முகத்தைச் சுளித்தார். "எரிமலை பாக்க அட்லாண்டிக்குக்குப் போகோணுமே? எங்கடை ஒக்லண்டிலை எங்கை கல்லெறிஞ்சாலும் எரிமலையிலைதானே விழும்?"

"நீங்கள் அதிலை ஒண்டிலையாவது ஏறினனீங்களே?" என்றேன். நான் உடனே பணத்தைக் கட்டிவிட்டேன்.

போய் இறங்கினால் உண்மையில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பச்சைப் புல், கறுப்பு வெள்ளை மாடுகள், கடற்கரையில் நம்முடைய போஹூடுகாவா மரங்கள். "இது எங்கடை வைக்காட்டோப் பக்கம் எல்லோ!" என்றார் இவர். காட்டு ஓரம் முழுக்க மஞ்சள் இஞ்சிப்பூ. எங்கள் பக்கத்தில் அதைக் கண்டால் வேரோடு பிடுங்கச் சொல்வார்கள். அங்கேயும் அது பெரிய தலையிடி என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். முப்பது வயதிருக்கும், பாறை எரிமலை எல்லாம் படித்த பிள்ளை, நல்ல பொறுமைசாலி. அந்தப் பொறுமையை முதலில் சோதித்தது என் ஆள்தான்.

முதல் நாள் கடலோர நடை. இவர் வானில் இருந்தார். இரண்டாம் நாள் தேயிலைத் தோட்டத்துக்குள் நடை. ஐரோப்பாவில் தேயிலை, அதையும் இலங்கையில் பிறந்த மனுசன் வானுக்குள் இருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். எங்கள் குழுவில் எண்பது வயது ஆங்கிலேயக் கிழவி ஒருத்தி இருந்தாள். இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்துக்கொண்டு டக்டக்கென்று எல்லோருக்கும் முன்னால் போவாள். திரும்பி வந்து வான் கதவைத் திறந்து, "இன்றைக்கும் வரவில்லையா, அன்பரே?" என்று இவரைக் கேட்பாள். என்னால் நாணிக்கோணி நிற்கத்தான் முடிந்தது.

இதற்கிடையில் நான் ஒரு முட்டாள் வேலை பார்த்தேன். மழையில் நனைந்த சொக்ஸுகளைக் கழுவி ஹோட்டலின் பின்பக்கப் பல்கனியில் போட்டேன். வடக்குப் பக்கம் என்று கேட்டு வைத்துத்தான் போட்டேன். எங்கள் வீட்டில் உடுப்புக் கொடி அந்தப் பக்கம்தானே. இரண்டு நாளாகியும் பிழிந்தால் தண்ணீர் வந்தது. அறை துடைக்க வந்த பெண் சிரித்துச் சிரித்து, இங்கே வெயில் தெற்குப் பக்கம்தான் வரும், முன்பக்கம் போடுங்கள் என்றாள். பூமியின் மேல்பாதிக்கு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கத்தில் இவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பார்.

ஐந்தாம் நாள் ஒரு பழைய எரிமலை வாய்க்குள் இருக்கிற ஏரி. வடக்குக் கரையில் நிலம் கொதிக்கிறது. பானையில் இறைச்சியும் மரக்கறியும் போட்டு அந்தச் சூட்டு மண்ணுக்குள் புதைத்து வைத்து, மதியம் தோண்டி எடுத்து ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் வைத்துச் சாப்பிடுவார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை விரதம், தனி மரக்கறிப் பானை சொல்லிவைத்திருந்தேன். சாப்பாடு இரண்டரை மணிக்கு. அதுவரை வானை அங்கேயே விட்டுவிட்டு ஏரிக்கரையில் தட்டையான பாதையில் நடை.

"ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. அரை மணித்தியாலம் என்னோடை வாங்கோ, பிறகு திரும்புவம். இதுக்கும் வராட்டி நான் இனி உங்களோடை கதைக்க மாட்டன்," என்றேன்.

"அப்பிடியெண்டால் நல்லம்தானே," என்றார். ஆனாலும் இறங்கினார்.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அரை மணி நடந்துவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு நாங்கள் ஆமை மாதிரி ஊர்ந்தோம். கை நெஞ்சில்தான் இருந்தது. பாதி வழியில் ஒரு மழை அடித்தது பாருங்கள், பக்கத்துக் காட்டுக்குள் ஓடி, மரம் மாறி மரம் மாறி ஒதுங்கினோம். மழை விட்டபோது மூடுபனி இறங்கியிருந்தது. ஏரி இல்லை, பாதை இல்லை. மரம் ஏற்றுகிற வண்டித் தடங்கள் மட்டும் நாலு பக்கமும் பிரிந்து போயின. ஃபோனில் சிக்னலும் இல்லை.

நான் ஒவ்வொரு தடமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இவர் முகத்தில் ஒரு வருடமாக நான் காணாத ஒரு தெளிவு வந்தது.

"விசர் மாதிரி முழிக்காதேயும். அந்தா பாரும் சூரியன்." பனிக்குள் ஒரு வெள்ளை வட்டம் மங்கலாகத் தெரிந்தது. "மணி ஒண்டரை. உச்சிச் சூரியன் நிக்கிறது வடக்கு. வான் நிக்கிறதும் வடக்கு. வாரும் என்ரை பின்னாலை."

நானும் போனேன். முப்பது வருடப் பழக்கம்.

தடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பிறகு நன்றாகவே ஏறியது. "தட்டையான கரைக்கு ஏனப்பா இவ்வளவு ஏத்தம்?" என்று கேட்டேன். "உதாலை ஏறி அங்காலை இறங்கிறதாக்கும்," என்றார் திரும்பாமலே. அந்தக் கணத்தில்தான் என் ஈரச் சொக்ஸுகள் ஞாபகம் வந்தன. ஐயோ கடவுளே, சூரியன் நிற்பது தெற்கு! நாங்கள் வானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலை ஏறுகிறோம்!

வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவருடைய கைகளைப் பார்த்தேன். ஒரு கையில் ஒடித்த தடி, மற்றக் கையால் செடிகளை விலக்கிக்கொண்டு போகிறார். நெஞ்சில் கை இல்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. மனித நடமாட்டம் இல்லாத காடு. ஏதாவது நடந்தால் கூப்பிட ஒரு குருவியும் இல்லை. அடி பாதகி, புருசனைக் கொல்லப் பார்க்கிறியா என்று என் மனமே என்னைத் திட்டியது. இன்னும் பத்து அடி பார்ப்போம், பிறகு சொல்வோம். இன்னும் அந்த வளைவு வரைக்கும். இப்படியே போனேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு இவரோடு போன ஆஸ்பத்திரி வகுப்பில் தாதி ஒருத்தி சொல்லித் தந்திருந்தாள்: நடக்கும்போது மூச்சு வாங்காமல் கதைக்க முடிந்தால் இதயம் சமாளிக்கிறது என்று அர்த்தம். இவரைக் கதைக்க வைப்பதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும். சண்டை பிடித்தேன்.

"உங்களுக்குத் திசையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது."

"ஆருக்கு? எனக்கோ? பாபகூராவிலை ஆமிக் காம்புக்குப் பின்னாலை, றோட்டுக்குப் பேரே இல்லாத இடத்துக்குப் பார்சல் குடுத்தவன் நான்!"

முழு வசனம், இடையில் மூச்சு அறவில்லை. அடுத்த வளைவில் அவருடைய தங்கச்சியைப் பற்றி ஒரு கதை தொடங்கினேன். அதற்கு ஐந்து நிமிடம் பதில் வந்தது. அதற்கடுத்ததில் அவருடைய சமையல். இடையிடையே பக்கத்தில் ஓடிப்போய் உதட்டைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். நீலம் இல்லை. "என்ன என்ரை மூஞ்சையையே பாக்கிறீர்?" என்று எரிந்து விழுந்தார். எனக்குத்தான் மூச்சு முட்டியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நில்லுங்கோப்பா" என்று கெஞ்சினேன். நின்றார். தடியை நீட்டி என்னை மேலே இழுத்துவிட்டார்.

உச்சிக்கு வந்தபோது தார் ரோடு ஒன்று ஓடியது. காற்று பனியைத் தள்ளியது. கீழே, மிகக் கீழே, ஏரி. அதற்கும் அப்பால், எதிர்க்கரையில், கொதிமண்ணில் இருந்து எழும்புகிற புகைக்குப் பக்கத்தில் அரிசி அளவில் எங்கள் வெள்ளை வான்.

இவர் வானைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். பிறகு நாங்கள் ஏறிவந்த காட்டைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுமோ?" என்றார்.

"இவ்வளவும்தான்."

"பிழை எண்டு உமக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "பாதியிலை," என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். "ஒப்பரேஷனுக்குப் பிறகு நான் ஒரு நிமிசமும் சும்மா இருக்கேல்லையப்பா. எந்த நேரமும் உள்ளுக்கை அது அடிக்கிறதைக் கேட்டுக்கொண்டே இருப்பன். அடுத்தது அடிக்குமோ, அடுத்தது அடிக்குமோ எண்டு. உமக்குச் சொன்னால் நீரும் சேர்ந்து பயப்பிடுவீர் எண்டு சொல்லேல்லை." தடியால் காட்டைக் காட்டினார். "உந்த ஏத்தத்திலை உம்மோடை கொளுவினதிலை நான் அதைக் கேக்க மறந்துபோனன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருடமாக இந்த மனுசன் பக்கத்தில் படுத்துக்கொண்டு தன் நெஞ்சைத் தனியாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொக்ஸையும் முழங்காலையும் நம்பிச் சண்டை பிடித்திருக்கிறேன். "என்னை மன்னியுங்கோ," என்றேன். "உமக்கென்ன விசரே," என்று என் முதுகில் தட்டினார்.

மேலே சிக்னல் இருந்தது. வழிகாட்டிக்கு அடித்தோம். இருபத்தைந்து நிமிடத்தில் வானோடு வந்து இறங்கினாள். பயத்தில் அவள் முகம் வெளுத்திருந்தது. இவரைத்தான் முதலில் பிடித்தாள், தண்ணீர் கொடுத்தாள், கதவை அகலத் திறந்துவிட்டாள். "ஏறுங்கள், ஐயா. உங்களுக்கு இது கூடாது."

"சாப்பாட்டுக் கடை எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் இவர்.

"இந்த ரோட்டால் நான்கு கிலோமீட்டர். எல்லாம் இறக்கம்."

"அப்ப நான் நடந்து வாறன்," என்று என்னிடம் சொன்னார். "நீர் களைச்சுப்போனீர், வானிலை வாரும்." அவளுக்கும் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

அவர் தடியை ஊன்றிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். தனியாக. எண்பது அடி போயிருப்பார், ஒரு வளைவில் திரும்பினால் என் கண்ணுக்குத் தெரிய மாட்டார். ஒரு வருடமாக "எழும்பி நடவுங்கோ" என்று கத்தின வாய் இது. அன்றைக்கு அவர் நடக்க, "நில்லுங்கோ" என்று கூப்பிடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வளைவில் திரும்பிப் போனார். நான் கூப்பிடவில்லை.