டைமெத்தில்கிளையாக்சைமும் அம்மாவின் தோடும்

டைமெத்தில்கிளையாக்சைம் என்று தடுமாறாமல் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சொல்ல வந்தபிறகு சேலையூரில் எங்கள் தெருவில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை, மளிகைக்கடை அண்ணா உட்பட.

சித்தி கல்லூரியில் வேதியியல் நடத்துபவள். அம்மாவின் காது மாதக்கணக்கில் புண்ணாகவே இருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சின்னக் குப்பிகளோடு வந்தாள்; ஒன்றில் அந்த டைமெத்தில்கிளையாக்சைம், இன்னொன்றில் அம்மோனியா. பட்ஸில் இதில் ஒரு சொட்டு, அதில் ஒரு சொட்டு விட்டு, எங்கள் ஸ்கூட்டர் சாவியில் தேய்த்தாள். வெள்ளைப் பஞ்சு ரோஸ் நிறமானது. சாவியில் இருக்கும் நிக்கல்தான் அப்படிக் காட்டுகிறது என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று கூப்பிட்டதும் வந்து நிற்கிறதே என்று சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிக்கல் சில பேருக்கு ஒத்துக்காதுக்கா. தோட்டக் கழட்டு, பாத்துடலாம்," என்றாள் சித்தி.

"அப்பா போட்ட தங்கத் தோட்டுல ஏதுடி நிக்கல்?" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். தாத்தா தன் மகள்கள் இருவருக்கும் ஒரே மாதிரி செய்து போட்ட தோடு அது.

நான் விடுவேனா? பூட்டு, சேஃப்டி பின், காம்பஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தேய்த்தேன். அம்மா குளிக்கப் போனபோது கழற்றி வைத்த தோட்டிலும் புது பட்ஸால் தேய்த்தேன். சாவியைவிடப் பளிச்சென்று ரோஸ். ஹாலுக்கு ஓடி அப்பாவிடமும் சித்தியிடமும் நீட்டினேன்.

அப்பா பேப்பரை இறக்கினார். அம்மா ஈரத்தலையோடு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. குப்பியைத் தொட்டதற்கு அடிதான் என்று நினைத்தேன்.

சித்தி பஞ்சைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "சாவியில தேய்ச்ச பட்ஸாலயே தேய்ச்சிருக்கா இவ. இது செல்லாது," என்று குப்பையில் போட்டாள். அப்பா சிரித்துவிட்டுப் பேப்பருக்குள் போனார். புது பட்ஸ்தான் என்று அழுதேன். யாரும் கேட்கவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்பு எனக்கு டெங்கு வந்தபோது, மாமனார் வீட்டு நகையைத் தொடமாட்டேன் என்று அப்பா சத்தியம் செய்திருந்தாராம். ஆஸ்பத்திரிச் செலவு கைமீறியதும் அம்மா அவருக்குத் தெரியாமல் தோட்டை விற்று, அதே மாதிரி கவரிங் வாங்கி மாட்டிக்கொண்டாள். இதெல்லாம் எனக்குக் கல்லூரி வயதில்தான் தெரிந்தது. ஒரு சொட்டில் உண்மையை வரவழைக்கத் தெரிந்த சித்தி, அதை ஒரே வாக்கியத்தில் மறைத்ததை நினைத்தால் இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அம்மாவின் காதில் சித்தியின் தோடு இருந்தது. சித்தியின் காதில் நீலநிற பிளாஸ்டிக் கம்மல். இதைப் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போக இவளுக்கு வெட்கமாக இல்லையா என்று மட்டும்தான் அன்று எனக்குத் தோன்றியது.