சிவப்புப் பேனா அவளிடம் இருந்தது

எங்கள் பள்ளிக்கு ஜன்னல்கள் உண்டு, திறக்க முடியாது. திறந்தால் மண்ணூர்பேட்டைப் பட்டறைகள் எல்லாம் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரும்பு அறுக்கிற சத்தத்தில் பிள்ளைகளின் வாய் மட்டும் அசையும். மூடினால் புழுக்கம். இருப்பது ஒரே கூடம். நடுவில் ஒரு கரும்பலகையை நிறுத்தி, இந்தப் பக்கம் எட்டாம் வகுப்பு, அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு. இரண்டுக்கும் நான் ஒருத்தி. இங்கே முக்கோணம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அங்கே யாரோ யாரையோ கிள்ளுவார்கள், ஓடுவேன். அங்கே போய் நின்றால் இங்கே ஜாமென்ட்ரி பாக்ஸ் கவிழும். பலகையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பன்னிரண்டு வருஷம். இத்தனை நடையையும் நேர்கோட்டில் நடந்திருந்தால் எங்கே போயிருப்பேன் என்று சில மத்தியானங்களில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். திருவேற்காடு தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும்.

அதனால்தான் லீடர்கள். ஆறு பேருக்கு ஒரு லீடர். மூன்றரைக்கு மேல் ஒப்பிக்கும் நேரம். வாய்ப்பாடு, செய்யுள், அன்றைக்கு நடத்திய கணக்கு, எல்லாம். ஆறு பேரும் லீடரிடம் ஒப்பித்து, நோட்டில் டிக் வாங்கினால்தான் வீட்டுக்குப் போகலாம். கடைசி ஆள் போன பிறகு லீடர் போகலாம். லீடர் மட்டும் யாரிடமும் ஒப்பிக்க வேண்டாம். அதை ஒரு மரியாதை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அந்த லீடர்களில் ஒருத்தி அவள். ஏழாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்தவள். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கிறாள். எட்டாம் வகுப்பின் முதல் நாளே அவளுக்கு பேட்ஜ் குத்திவிட்டு, என் சிவப்புப் பேனாவையும் கொடுத்தேன். “உன் நோட்ட நீயே திருத்திக்கோம்மா” என்றேன். எனக்கு நேரமில்லை. அதை அவள் மேல் வைத்த நம்பிக்கையைப் போலச் சொல்லிவிட்டேன்.

அரையாண்டுப் பேப்பர்களைத் திருத்தும்போதுதான் பார்த்தேன். ஓர் எண்ணிலிருந்து ஏழைக் கழித்தால் பதினைந்து, அந்த எண் எது? இருபத்திரண்டு. அவள் குழுவில் ஆறு பேரும் எட்டு என்று எழுதியிருந்தார்கள். ஏழாவது பேப்பர் அவளுடையது. அதிலும் எட்டு.

ஏழு பேரையும் எழுப்பி நிற்க வைத்துக் கத்தினேன். “யாரப் பாத்து யாரு எழுதினீங்க?”

“சாமி சத்தியமா பாக்கல மிஸ்,” என்றான் ஒருவன். “நா மூணாவது பெஞ்சி, இவ ஒண்ணாவது பெஞ்சி. எங்கண்ணு இன்னா லென்ஸா?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“நாந்தான் மிஸ் அப்டிச் சொல்லிக் குடுத்தேன். ஈக்வலுக்கு அந்தப் பக்கம் போனா எல்லாமே கழித்தல்னு.”

“யாரு சொன்னா அப்டி?”

“யாரும் சொல்லல மிஸ். நீங்க நடத்தறப்ப எனக்குக் காய்ச்சல், ரெண்டு நாள் வரல. வந்தன்னிக்கே இவங்க ஒப்பிக்க வந்துட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு எப்டி மிஸ் சொல்றது? நானே யோசிச்சு வச்சுக்கினேன்.”

அவள் நோட்டை வாங்கிப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் தப்புக் கணக்கு, தப்புக் கணக்கின் மேல் அவள் கையால் போட்ட சிவப்பு டிக், நான் போடுகிற மாதிரியே கடைசியில் கொஞ்சம் வால் நீட்டி.

“எனக்கு யாரு மிஸ் லீடரு?” என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பிறகு ஊக்கைக் கழற்றி பேட்ஜையும் பேனாவையும் மேஜைமேல் வைத்தாள். “நா வேணாம் மிஸ். எல்லாரும் மாதிரி உக்காந்துக்கறேன்.”

அன்று சாயங்காலம் அந்தக் கணக்கை அவளுக்கு நடத்தினேன். பத்தே நிமிஷம்தான் ஆனது. மறுநாள் அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றி, பேட்ஜை வேறொரு பையனுக்குக் குத்தினேன்.

மூன்றாம் நாள் மூன்றரைக்குப் பார்த்தால், கடைசி பெஞ்சில் கூட்டம்.

“பேட்ஜ் இல்லாங்காட்டி இன்னா, காது கீதுல்ல? கேளு,” என்று ஒருத்தி நோட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். “அவன் ரொம்ப சீன் போட்றான். உன்னாண்டதான் ஒப்பிப்போம்.”

ஆறு தலைகளுக்கு மேலாக அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாரும் நகருங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து “மிஸ், இவன் அடிக்கறான் மிஸ்!” என்று குரல் வந்தது. நான் போனேன். அந்தக் குரல் வந்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. திரும்பி வந்தபோது அவள் குனிந்து டிக் போட்டுக்கொண்டிருந்தாள், நீலப் பேனாவில்.

ஏப்ரல்வரை அப்படியே போனது. ஆறு பேரும் தேறினார்கள். அவளும் தேறினாள், ஆறு பேரில் மூன்று பேருக்குக் கீழே.

மே மாதம் டி.சி. வாங்க அம்மாவும் மகளும் வந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அவள் அம்பத்தூரில் பெரிய பள்ளிக்கூடம் போகவேண்டும். நான் நன்னடத்தைச் சான்றை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

“லீடரா இருந்துதுன்னு எழுதிக் குடுங்க மிஸ்,” என்றாள் அம்மா. “எங்க தெருவுல அல்லாருக்கும் சொல்லி வச்சிகீறேன். அங்கயும் இத்த லீடராப் போடுவாங்கல்ல?”

பேட்ஜ் போன விஷயத்தை வீட்டில் சொல்லவே இல்லை போலிருக்கிறது. மகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள், சின்னதாக, இரண்டு தரம்.

பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுபட்டுக்கொண்டிருந்தது. காகிதத்தில் ‘நன்று’ என்று மட்டும் எழுதி, அடியில் பாதி வெற்றிடம் கிடக்க, முத்திரை குத்தினேன்.

அம்மா வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தாள். “லீடர்னு காணோமே மிஸ்?”

“அதுக்கு இதுல எடம் இல்லம்மா,” என்றேன்.

அம்மா காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தாள். மகள் அதற்குள் வாசற்படி இறங்கியிருந்தாள்.