வலம்புரியாகிவிட்ட சங்கு

கல்லூரியில் விலங்கியல் கற்பித்த காலம் முழுவதும் சிப்பிகளையும் சங்குகளையும் மையில் வரைந்து வந்தேன். ஒவ்வொரு படமும் முடிந்ததும் மனைவி அந்தச் சங்கைக் கையில் எடுத்துக்கொள்வாள். படத்தையும் சங்கையும் மாறி மாறிப் பார்ப்பாள். வரியொன்று கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் விரல் வைத்துக் காட்டுவாள். அவள் பார்க்காமல் எந்தப் படமும் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை.

அவள் மறைந்த பின், வெளிநாட்டிலிருக்கும் மகள் தொலைபேசியிலேயே எனக்கு ஓர் இணையக் கடை திறந்து கொடுத்தாள். படத்தை ஏற்றிவிட்டால் போதும். யாராவது கேட்கும்போது, ஏதோ ஒரு தொலைதூர ஊரில் அதைக் குவளையிலோ பனியனிலோ அச்சிட்டு அவர்களே அனுப்பிவிடுவார்கள். விற்ற பொருள் எதையும் நான் தொட்டதில்லை. வாங்கியவர்கள் எப்போதாவது எழுதும் இரண்டு வரிகள்தாம் என்னிடம் வந்து சேர்ந்தன. பகல் முழுவதும் வேறு பேச்சில்லாத வீட்டில் அந்த வரிகளுக்காகவே காலையில் கடையைத் திறந்து பார்ப்பேன்.

அடிக்கடி எழுதியவர் கோயம்புத்தூர்ப் பெண்மணி ஒருவர். என் சங்குக் குவளையைத் தாயாருக்கு வாங்கியவர். தாயாரின் உடல்நிலை, மகனின் தேர்வு என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். நானும் பதில் எழுதுவேன். ஒருநாள் அவர் எழுதியிருந்தார்: “குவளையைப் பூஜையறையில் வைத்துவிட்டோம் ஐயா. அது வந்ததிலிருந்து நல்லதே நடக்கிறது. வலம்புரி தந்தீர்களே, நன்றி.”

நம் கடலில் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. நான் வரைந்ததும் அதைத்தான். அந்த அம்மையாரின் அறியாமையைப் பக்குவமாகத் திருத்தலாம் என்று எண்ணிப் படத்தைத் திறந்தேன். திரையில் இருந்தது வலம்புரி.

காரணம் உடனே விளங்கியது. படத்தை ஏற்றியபோது சங்கின் வால் குவளையின் கைப்பிடியில் முட்டியது. இடவலமாகத் திருப்பும் பொத்தானை அழுத்தினேன். வால் விலகியது, சங்கின் சுழியும் மாறிவிட்டது. முதலாண்டு மாணவன் செய்தாலும் மதிப்பெண் தந்திருக்க மாட்டேன். மனைவி போன பிறகு வெளியே சென்ற முதல் படம் அது.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் சங்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். நான் வரைந்த சங்குகள் பலவும் நானும் மனைவியுமாக அவர் கடையில் பொறுக்கி வாங்கியவை.

“என்ன சார், மூஞ்சில ஈயாடலயே?”

படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“ஆத்தாடி! ஆயுசு பூரா கடல்ல முங்குனவனுக்கே இது கெடைக்கல. நீங்க வீட்டுக்குள்ள உக்காந்தே எடுத்துட்டியளே!”

“தப்பு அண்ணாச்சி. திருத்தணும்.”

“திருத்துவியளாக்கும்! அவனவன் சங்குப் பொடில செஞ்சு வலம்புரின்னு விக்கான். நீங்க படந்தான சார் போட்டிருக்கிய. அந்தம்மா சந்தோசமா இருக்காவ. அவ்வோட்ட போயி இது பொய்ச் சங்குன்னு சொல்லுவியளா? எவன் சார் உத்துப் பாக்கப் போறான்?”

கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டேன். அவரும் சொன்ன பிறகுதான் உணர்ந்தார்போலும்; கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் நெடுநேரம் துடைத்தார். பிறகு, “காப்பி சொல்லட்டா சார்?” என்றார். வேண்டாம் என்றேன்.

திருத்திச் சொன்னால் அந்தப் பெண்மணி எழுதுவது நின்றுபோகலாம் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து இரண்டையும் செய்தேன். முதலில் படத்தைச் சரியான பக்கத்துக்குத் திருப்பி, வால் முட்டாதபடி சற்றுச் சிறிதாக்கினேன். பிறகு அவருக்கு எழுதினேன்: பிழை என்னுடையது, அது சாதாரணச் சங்கு, விரும்பினால் சரியான குவளையை என் செலவில் அனுப்பச் செய்கிறேன்.

மறுநாள் பதில் வந்தது. “தெரியப்படுத்தியதற்கு நன்றி. மாற்ற வேண்டாம். அம்மாவிடம் சொல்லவில்லை.”

தாயாரின் உடல்நிலை குறித்து விசாரித்து எழுதினேன். அதைப் படித்துவிட்டார் என்று திரை காட்டியது. அதன்பின் ஒன்றும் வரவில்லை.

கடையில் இப்போது இருப்பது இடம்புரி. இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.