ஆமை கட்டிய மதில்

எழுபத்துமூன்று வயதில் நான் கணினியில் துவக்கால் சுடும் சண்டை விளையாடப் பழகினேன். பொழுதுபோக்குக்காக அல்ல. என் தங்கை அங்கே இருந்தாள். அவளிடம் போய்ச் சேர எனக்கு வேறு வழி மிஞ்சியிருக்கவில்லை.

அந்த நிலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டுக்கோட்டையில் எங்கள் இருவருடைய வீட்டு வளவுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. கிணறு என் பக்கத்தில். ஆனால் அவளுடைய சீதன உறுதிப் பத்திரத்தில் கிணற்றில் அரைப் பங்கும், அதற்குப் போய்வர மூன்று அடி வழியும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த உறுதிக்கு வரைபடம் கீறியவனே நான்தான். நான் நில அளவையாளனாக இருந்து இளைப்பாறியவன். மற்றவர்களுடைய வழியை மறிக்கக் கூடாது என்று எத்தனையோ குடும்பங்களுக்குப் புத்தி சொன்னவன்.

கணவன் இறந்தபின் தங்கை மகனோடு லண்டனுக்குப் போனாள். அவளுடைய வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். என் கத்தரிப் பாத்திகளுக்குத் தண்ணீர் போதவில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டு வளவுக்கும் இடையில் மதில் கட்டினேன். வழிக்கு இடைவெளி விடவில்லை. இரண்டு மாதத்தில் அவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகாவது நான் மதிலில் ஒரு வழி திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தங்கை இனித் திரும்பமாட்டாள், வளவும் கிணறும் மெல்ல மெல்ல ஒன்றாகிவிடும் என்று நினைத்தேன். மோட்டர் வெறும் சாட்டுத்தான்.

ஆனால் அவள் வந்தாள். பதினொரு வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதத்துக் காலையில், வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு வந்து மதிலுக்கு முன்னால் நின்றாள். நான் என் அறை யன்னலடியில் நின்றேன். கூப்பிடுவாள், சண்டை பிடிப்பாள், நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போகலாம் என்று காத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. ஒழுங்கையைக் கடந்து முன்வீட்டுக் கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்தாள். இருந்த ஐந்து நாளும் அப்படித்தான். சொந்தக் கிணற்றுக்குப் பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு அடுத்தவர் வாசலில் நிற்க வைத்தேன் அவளை. போனபிறகு என்னுடைய எந்த அழைப்பையும் அவள் எடுக்கவில்லை. என் மனைவி இறந்தபோதும் மகளோடு மட்டுமே கதைத்தாள்.

மகள் என்னோடுதான் இருக்கிறாள். போன மாசியில் ஒரு சனிக்கிழமை, என் தங்கையோடு தொலைபேசியில் கதைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"மாமிக்கு இப்ப நேரமில்லையாம் அப்பா. சண்டைக்குப் போகோணுமாம்."

"ஆரோடை சண்டை?"

"கேமிலை. ஒரு கூட்டம் பொடியள் இவவின்ரை சொல்லுக்குக் கீழை ஓடித்திரியிறாங்கள்."

தங்கையின் மகன் பழக்கிவிட்ட விளையாட்டாம். அவன் தனிக்குடித்தனம் போய்விட்டான். அவள் விளையாட்டை விடவில்லை. ஆர் வேண்டுமானாலும் அந்த அணியில் சேரலாம் என்றாள் மகள். நான் அன்று முழுவதும் அதையே யோசித்தேன். அடுத்த நாள் காலை, எனக்கும் அதைப் பழக்கிவிடு என்று கேட்டேன். மகள் காரணம் கேட்காமல் கணினியைப் போட்டாள்.

துவக்கு எனக்குப் பெரிய தடையாக இருந்தது. போர்க்காலம் முழுவதும் இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்குள் வாழ்ந்தவன் நான். அதை விளையாட்டாகக் கேட்க இயலவில்லை. வெடிச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஆட்களின் குரலை மட்டும் கேட்கலாம் என்று மகள் கண்டுபிடித்தாள். துவக்குத் தூக்காத வேலையும் அங்கே இருந்தது. சிலர் சுடுவார்கள், சிலர் காயப்பட்டவர்களை எழுப்புவார்கள், சிலர் மதிலும் பாலமும் கட்டுவார்கள். நான் கட்டுபவனானேன். அணிக்கு ஒரு தலைவர் உண்டு. அவர் களத்தில் இறங்குவதில்லை. நிலத்தை மேலிருந்து படமாகப் பார்த்து, எங்கே போவது, எதைப் பிடிப்பது என்று சொல்லிக்கொண்டிருப்பார். தங்கை அந்தத் தலைவர்.

படம் எனக்கு உடனே விளங்கியது. நடக்கத்தான் வரவில்லை. நடப்பதற்கு இடது கை, திரும்பிப் பார்ப்பதற்கு வலது கை. இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போனால் வானத்தைப் பார்த்தபடி ஆற்றுக்குள் விழுந்தேன்.

"நிலத்தையே பாத்துக்கொண்டு நிக்கிறியள். காணி அளக்கிறியளோ?" என்று மகள் பின்னால் நின்று கேட்டாள். விளையாட்டில் எனக்கு ஆமை என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

மூன்று கிழமைப் பயிற்சிக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்த அணியில் சேர்ந்தேன். ஒலிவாங்கியைப் போடவில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு தங்கையின் குரலை அப்படித்தான் கேட்டேன். கொஞ்சம் தடித்திருந்தது. மற்றப்படி சின்ன வயதில் எங்கள் அம்மாவையே ஏவிய அதே குரல்.

"புதுசா வந்த ஆமைத் தம்பி, ஆத்தடியிலை பாலம் போடுங்கோ. விழுந்திடாதேங்கோ."

விழுந்தேன். பொடியங்கள் சிரித்தார்கள். "விடுங்கோடா, பழகட்டும்" என்றாள். அப்போதே நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஐந்து கிழமை, வாரம் தவறாமல் சனியும் ஞாயிறும், என்னுடைய தங்கைக்கு நான் முன்பின் தெரியாத தம்பியாக இருந்தேன். அவள் சொன்ன இடத்தில் பாலம் போட்டேன். நல்லாச் செய்தால் "கெட்டிக்காரன்" என்பாள். அதைக் கேட்கவே போனேன் என்று சொன்னால் வெட்கம். ஆனால் அதுதான் நடந்தது.

ஆறாவது கிழமை நாங்கள் ஒரு மேட்டைப் பிடித்தோம். அங்கே ஒரு களஞ்சியம் இருந்தது. வெடியும் மருந்தும் முடிந்தவர்கள் அங்கே வந்துதான் நிரப்ப வேண்டும். "ஆமைத் தம்பி, களஞ்சியத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ, விட்டால் எல்லாம் போச்சு" என்றுவிட்டு அவள் மற்றப் பக்கத்தைக் கவனிக்கப் போனாள். எனக்கு ஒரே பெருமை. களஞ்சியத்தைச் சுற்றி நாலு பக்கமும் மதில் எழுப்பினேன். மூலைகள் சதுரமாக, உயரம் ஒரே அளவாக. எதிரி ஒருவனாலும் உள்ளே வர முடியாது. நான் உள்ளே நின்றேன், காவலுக்கு.

சிறிது நேரத்தில் சத்தம் தொடங்கியது.

"ஆமையண்ணை, வெடி முடிஞ்சுது. கதவு எங்கை?"

"சுத்திச் சுத்தி ஓடுறன், வாசலையே காணேல்லை!"

"டேய், இந்தாள் எங்களுக்கும் சேத்து அடைச்சுப்போட்டுது!"

வெளியே அவர்கள் ஒவ்வொருவராக விழுவதைத் திரையின் ஓரத்தில் கண்டேன். எந்த விசையைத் தட்டுவதென்று தெரியாமல் ஒன்று மாற்றி ஒன்றாகத் தட்டினேன். தங்கை திரும்பி மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அந்தச் சதுரம் எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படி எத்தனையோ சதுரங்களை நானே கீறியிருக்கிறேன்.

"வழி விடாமல் மதில் கட்டுற ஆள் எனக்குத் தெரிஞ்சு ஒராள்தான்" என்றாள் தங்கை.

ஒலிவாங்கியைப் போட்டேன். "நான்தான்" என்றேன்.

அவள் எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். போயிருந்தால் அது நியாயம்.

"உடையுங்கோ அண்ணை," என்றாள். "பிள்ளையள் வெளியிலை நிக்கிறாங்கள்."

உடைத்தேன். கட்டியதைவிட உடைக்க அதிக நேரம் பிடித்தது. மேடு கையை விட்டுப் போய், ஆட்டத்திலும் தோற்றோம். மற்றவர்கள் போனபிறகும் தங்கையின் பெயர் திரையில் இருந்தது.

"எவ்வளவு நாளா வாறியள்?"

"ஆறு கிழமை."

"கதைக்காமல்? இதுக்குள்ளையும் களவாத்தானோ வரவேணும்?"

"ஓம். பயம்."

"எனக்குப் பயந்தோ?"

"உனக்குத்தான்." பிறகு, மதில் பிழை என்று சொன்னேன். மோட்டர் சாட்டு என்று சொன்னேன். அன்று யன்னலடியில் நின்றதையும் சொன்னேன்.

"தெரியும். திரைச்சீலை ஆடினது" என்றாள். இத்தனை வருடமும் அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"திங்கட்கிழமை உடைக்கிறன். படம் எடுத்து அனுப்புறன்."

"படம் ஒண்டும் வேண்டாம். உடைச்சால் நான் வந்து பாப்பன்தானே."

அவள் வருகிறேன் என்றாளா, வந்தால் பார்க்கிறேன் என்றாளா? கேட்கத் துணியவில்லை.

திங்கட்கிழமை மேசன் வந்தார். நல்ல மதிலை ஏன் ஐயா உடைக்கிறியள் என்று இரண்டு தரம் கேட்டார். பழைய வரைபடத்தை எடுத்து, அளவு நாடாவைப் பிடித்து, வழியின் இரண்டு ஓரத்தையும் நானே சுண்ணாம்பால் அடையாளமிட்டேன். மூன்று அடிதான் உறுதியில் இருக்கிறது. நாலு அடி உடைக்கச் சொன்னேன். படலை, கதவு ஏதும் போடுவதோ என்றார். வேண்டாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை நாலரைக்கு மறுபடி சேர்ந்தேன். "ஆமையண்ணை வந்திட்டார், எல்லாரும் உள்ளுக்கை நில்லுங்கோ, அடைக்கப் போறார்!" என்று ஒருவன் கத்தினான். தங்கை அதற்குச் சிரிக்கவும் இல்லை, அவனை அடக்கவும் இல்லை. ஆட்டம் தொடங்கி, நான் ஆற்றடியில் பாலத்துக்கு இரண்டாவது பலகையைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய குரல் வந்தது.

"அண்ணை, இப்ப கிணத்திலை தண்ணி எவ்வளவு நிக்குது?"

"ரண்டு ஆள் ஆழம்," என்றேன். "நல்ல தண்ணி."

"ஆவணியிலை வத்துமோ?"

"வத்தாது. நான் கத்தரி வைக்கேல்லை."

"சரி," என்றாள். "பாலத்தை முடிச்சுப்போட்டுக் கிழக்காலை ஓடி வாங்கோ. கெதியா."