கருப்பு பிளேட்டில் ஒரு ‘ம்’

சிவகாசியில் ‘டிராக்கர்’ என்று சொன்னால் யார் காதிலும் ‘கிராக்கர்’ என்றுதான் விழும். எங்கள் அச்சகத்து முதலாளி ஒருநாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கம்ப்யூட்டர் திரையில் மேலிருந்து கீழே எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. “என்னம்மா இது?” என்றார். “டிராக்கர் அண்ணாச்சி” என்றேன். “எந்தக் கம்பெனி கிராக்கரு? லேபிள் ஆர்டர் வந்திருக்கா, சொல்லவேயில்ல?” என்றார். அது பாட்டு உண்டாக்குகிற சாஃப்ட்வேர் என்று விளக்கியிருக்கலாம். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சும்மா” என்று திரையை மூடிவிட்டேன். நான் அப்படித்தான். விளக்கம் சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் எரிச்சல் வந்து வாயை மூடிக்கொள்வேன். அப்புறம் என்னிடம் யாரும் பேசுவதில்லை என்று மூக்கைச் சிந்துவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. நான் அங்கே டிடிபி ஆபரேட்டர். வெடிப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கம்ப்யூட்டரில் தயாராகித்தான் மெஷினுக்குப் போகும். வீடு விருதுநகரில். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தவறிவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருந்த தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போனாள். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் காலையில் சிவகாசி பஸ் பிடித்தால் சாயங்காலம்தான் திரும்புவேன்.

அச்சகத்தில் ஏசி இருந்தது என் அறைக்கு மட்டும்தான். ஏசி எனக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. கண்ணாடிக் கதவு. செருப்பை வெளியே விட்டுத்தான் வரவேண்டும். தூசி போகக்கூடாது என்று யாரையும் உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுவதும், ஆட்கள் கத்திக் கத்திப் பேசிச் சிரிப்பதும் எனக்குத் தெரியும். கேட்காது. முதலில் ஏதோ பெரிய கௌரவம் என்று நினைத்தேன். ரெண்டு மாதத்தில் தெரிந்துவிட்டது லட்சணம்.

பைண்டிங் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் ரோஷத்தை விட்டு டிபன் பாக்ஸோடு போய் நின்றேன். “அய்ய, நீங்க ஏசியில இருக்கவுக, எங்கன உக்காருவீக? சீலையெல்லாம் பசை ஒட்டிக்கிடுமே” என்று ஓர் அக்கா பதறி, எனக்கென்று தனியாக ஒரு பேப்பரை விரித்துப் போட்டாள். நான் உட்கார்ந்ததும் அதுவரை நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிட்டது. “சாப்பிடுங்க, சாப்பிடுங்க” என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மறுநாளிலிருந்து நான் கண்ணாடிக்குள்ளேயே சாப்பிட்டேன்.

அப்படி ஒரு மத்தியானம்தான் மேசை டிராயரில் கிடந்த சிடியைப் போட்டுப் பார்த்தேன். ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. அதில் இருந்த நூறு சாமான்களில் ஒன்று இந்த டிராக்கர். திறந்தால் கருப்புத் திரை, அதில் நான்கு பத்திகள், ஒவ்வொரு பத்தியிலும் வரிசையாகக் கட்டங்கள். கட்டத்தில் ஒரு ஸ்வரம், பக்கத்தில் எந்தச் சத்தம் என்று ஓர் எண், எவ்வளவு உரக்க என்று இன்னோர் எண். ஓடவிட்டால் நான்கு பத்தியும் சேர்ந்து ஒலிக்கும். சத்தம் என்றால் வீணையும் வயலினும் இல்லை. பழைய வீடியோ கேமில் பொம்மை குதிக்கும்போது கேட்குமே, கீய்ங், பொய்ங், அந்த மாதிரி. அதற்கு சிப்டியூன் என்று பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது.

எனக்குச் சங்கீதத்தில் அட்சரம் தெரியாது. ஆனால் நாலு தெரியும். அச்சுத்தொழிலில் இருக்கிறவர்களுக்கு உலகமே நாலு கலர்தான்: நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு. எந்தப் படமும் இந்த நான்கும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வருவதுதான். ஆகவே நான்கு பத்திக்கும் அந்தப் பெயர்களையே வைத்துவிட்டேன். மூன்றில் எதையாவது நிரப்பத் தெரிந்தது. கருப்புக்கு என்ன போடுவதென்று மட்டும் தெரியவில்லை, நெடுநாள் காலியாகவே கிடந்தது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்குக் குச்சி காயாது, தீப்பெட்டி ஆபீஸில் வேலை இருக்காது. சிவகாசியில் யாரையோ பார்க்க வந்த அம்மா, என்னோடு சேர்ந்து ஊர் திரும்பலாம் என்று அச்சகத்துக்கு வந்துவிட்டாள். முதலாளி நல்ல மனதோடு அவளை ஏசி அறைக்குள் உட்கார விட்டார். ஈரச் சேலையோடு ஸ்டூலில் ஒடுங்கி உட்கார்ந்து, “என்ன புள்ள, ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிருக்காக ஒன்னய” என்றாள்.

நான் அப்போது கம்ப்யூட்டரோடு கொடுத்திருந்த மைக்கை இணைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, திரையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து அதையெல்லாம் சொல்ல வராது. “அம்மா, ஒரு நாளைக்கு நான் பேசுறது ரெண்டே பேச்சுதான் தெரியுமா? காலையில கண்டக்டர்ட்ட ‘சிவகாசி ஒண்ணு’. சாயங்காலம் ‘விருதுநகர் ஒண்ணு’. வேலையப் பத்தின்னா துண்டுச் சீட்டுல எழுதி கதவு இடுக்குல நீட்டுறாக. வீட்டுக்கு வந்து பேசினா தொண்டை கரகரங்குது. எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா. ரொம்பத் தனியா இருக்கு.” இன்னும் என்னென்னமோ சொன்னேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றாள். நான் பேசி முடித்ததும் ஒரு “ம்”. அப்புறம், “மழை விட்டுருச்சு போல, கெளம்புவமா?” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரமும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன்.

மறுநாள் அந்தப் பதிவைக் கேட்டேன். என் குரலை என்னால் சகிக்க முடியவில்லை, சீ என்று ஆகிவிட்டது. என் பேச்சை எல்லாம் வெட்டி எறிந்தேன். மிச்சம் நின்றது அம்மாவின் ‘ம்’ மட்டும். அதில் ஒன்று நன்றாக இருந்தது. அடித்தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிகிற ‘ம்’. அதை டிராக்கரில் ஒரு சத்தமாக ஏற்றி, கருப்புப் பத்தியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு பாட்டு தானாக வளர்ந்தது. வெட்டிப்போட்ட பேச்சின் ஏற்ற இறக்கம் எனக்கு மனப்பாடம். நீலமும் சிவப்பும் மஞ்சளும் அதையே கீய்ங் பொய்ங் என்று பேசின. ஒன்று ஆரம்பிக்கும், ஒன்று குறுக்கே பேசும், ஒன்று புலம்பும். அவை மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் கருப்பு ‘ம்’ என்று உம் கொட்டும். சாப்பாட்டு நேரங்களிலேயே வேலை பார்த்து முடிக்கச் சித்திரை ஆகிவிட்டது. முடிந்ததும்தான் உறைத்தது, இதைப் போட்டுக் காட்ட எனக்கு ஒரு ஆள் கிடையாது. ஒரே ஒரு ஆள் முழுசாகக் கேட்டால் போதும் என்று இருந்தது. அந்த ஒரு ஆளுக்காக எதுவும் செய்வேன் போல இருந்தது.

டிராக்கர்க்காரர்கள் உலகம் முழுக்க இருந்து தங்கள் பாட்டை ஏற்றுகிற வெப்சைட் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

இங்கேதான் நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். அச்சகத்தில் ஒரு வேலை என் மேசையை விட்டு வெளியே போகிறது என்றால் அது முழுப் படமாகப் போகாது. நான்கு கலரையும் தனித்தனியாகப் பிரித்து, நாலு ஃபிலிமாகத்தான் கொடுப்போம். ஃபிலிமுக்கு ஒரு பிளேட்டாகி, மெஷினில்தான் சேரும். நாலு வருடமாகக் கை அப்படியே பழகிவிட்டது. பாட்டையும் அப்படியே நாலாகப் பிரித்து நாலு ஃபைலாக வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக ஏற்றினேன்: நீலம், சிவப்பு, மஞ்சள், கடைசியாகக் கருப்பு. அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஒருவருக்கு மாதம் ஒரு பாட்டுதான், அடுத்ததை ஏற்றினால் முந்தியது அழிந்துவிடும் என்று அந்தப் பக்கத்தின் தலையிலேயே இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதை யார் படித்தார்கள்!

கருப்பு ஃபிலிமை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் காலண்டர் முருகனுக்கு முகமே இருக்காது. புருவமும் கண்மணியும் மட்டும் மிதக்கும். உலகத்துக்கு நான் அனுப்பியது அதைத்தான்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்றிருந்தார். இன்னொருவர் வெறும் கேள்விக்குறி. மூன்றாவது ஆள் ஏதோ குளிர்தேசத்துக்காரர், நிறைய எழுதியிருந்தார். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘முதலில் எனக்கும் புரியவில்லை. ஒரு பெண் நெடுநேரத்துக்கு ஒருமுறை ‘ம்’ என்கிறாள், நடுவில் ஒன்றுமே இல்லை. இரண்டாம் முறை ஓடவிட்டபோது என்னை அறியாமல் அவளிடம் பேசத் தொடங்கிவிட்டேன். நான் தனியாக வசிக்கிறேன். இன்று என்ன நடந்தது என்று முழுவதும் சொன்னேன். எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாள். யார் அவள்?’

நல்லா கேட்டாள்! பிரவுசிங் சென்டர் என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. என் பேச்சு அத்தனையும் அழிந்து, அம்மாவின் ‘ம்’ மட்டும் கடல் தாண்டிப் போய் முகம் தெரியாத ஒரு மனிதரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமைதான்.

அடுத்த மாதம் நாலையும் ஒன்றாகச் சேர்த்து, ஒழுங்கான பாட்டாக ஏற்றினேன். இதுதான் நிஜமான பாட்டு, முந்தியது என் தவறு என்று உடைந்த இங்கிலீஷில் ஒரு வரியும் எழுதினேன். ஒருவர்தான் கேட்டார், அதே குளிர்தேசத்துக்காரர். ‘இதுவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் நான் பேச இடம் இல்லை’ என்று எழுதியிருந்தார். கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, அவர் சொன்னது சரிதான். பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்று மெஷின்களை நிறுத்தித் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். வேலையாட்கள் எல்லோரும் வீட்டு ஆட்களைக் கூட்டிவருவார்கள். அம்மாவும் வந்தாள். கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துப் பொரி கடலை வைத்திருந்தோம். அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அம்மா அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனை எடுத்து அவள் தலையில் மாட்டிவிட்டேன். “நான் செஞ்ச பாட்டும்மா. முழுசாக் கேளு” என்றேன்.

அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு தடவை புன்னகைத்த மாதிரி இருந்தது. முடிந்ததும், “நல்லாத்தான் கீச்சுக் கீச்சுங்குது. நடுவுல உம் கொட்டுறாளே ஒருத்தி, யாரு அவ?” என்றாள்.

“ஏம்மா?”

“அவ கேக்கவே இல்லயே புள்ள. வாய்தான் ம்முங்குது. நெனப்பு வேற எங்கனயோ கெடக்கு.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “நீதாம்மா அது” என்றேன். “போன மழையில இங்கன வந்து உக்காந்திருந்தயே, அன்னைக்கு மைக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி, பொரித் தட்டுக்குப் பக்கத்தில் மெல்ல வைத்தாள்.

“அன்னைக்கு நீ என்ன சொன்ன?” என்று கேட்டாள்.

இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். “ஒரு நாளைக்கு நான் பேசுறது ரெண்டே பேச்சுன்னு சொன்னேன். கண்டக்டர்ட்ட காலையில ‘சிவகாசி ஒண்ணு’, சாயங்காலம் ‘விருதுநகர் ஒண்ணு’. தனியா இருக்குன்னு சொன்னேன்.”

அம்மா ‘ம்’ சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் கம்ப்யூட்டர் மேசையின் ஓரத்தைத் துடைத்தாள். அங்கே துடைக்க ஒன்றும் இல்லை.

“எனக்கு அதுகூட இல்ல புள்ள” என்றாள். “நான் வேலைக்கு நடந்துல்ல போறேன்.”

அத்தனை மாதம் கட்டம் கட்டமாகப் பேசப் படித்தவள் நான். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது ஒரே ஒரு ‘ம்’தான்.