நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ

சனிக்கிழமைதோறும் பின்னேரம் ஐந்து மணிக்கு சிவனேஸ்வரி கராஜில் தராசின் மேல் ஏறி நிற்கிறார். முதலில் தனியாக. பிறகு ஹெல்மெட்டோடு. பிறகு சுருட்டிய கூடாரத்தைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு. கூடாரம் மறைப்பதால் முள் எங்கே நிற்கிறதென்று அவருக்குத் தெரியாது. "எவ்வளவு காட்டுது?" என்று கத்துவார். கணவர் மகேந்திரராஜா கதிரையை விட்டு எழும்பாமலே, "போன கிழமை காட்டினதுதான்" என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பது வருடமாக மெல்பனின் தென்கிழக்கில் பஸ் ஓட்டுகிறார். அவர் பிரேக் பிடித்தால் பயணிகளின் கையிலிருக்கும் கோப்பிக்குக் கூடத் தூக்கம் கலையாது. மல்கிரேவில் யாராவது பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தால், இரண்டு தெரு தள்ளி ஓடினாலும் நிறுத்திவைத்துக் காத்திருப்பார். இல்லை என்று ஒருவருக்கும் சொல்ல வராது. வாயில் வருவதெல்லாம் ஒன்றுதான்: "ஓம், பார்ப்பம்."

ரோவில் புறநகரில் அவர்களுடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவை நான்கு வருடமாக ஒரு மோட்டார் சைக்கிள் பயணத்தின் வரைபடம் மூடிக் கிடக்கிறது. மில்டூரா, போர்ட் அகஸ்டா, கூபர் பீடி, பிறகு பாலைவன நடுவில் செம்பாறை பிளந்து நிற்கும் கிங்ஸ் கான்யன். வட்டார்க்கா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது அந்தப் பள்ளத்தாக்கு. அதன் விளிம்பில் காலையில் ஆறு கிலோமீற்றர் நடை. அங்கிருந்து அலிஸ் ஸ்பிரிங்ஸ். எங்கே பெற்றோல், எங்கே தண்ணீர் என்று எல்லாம் ஊதாப் பேனையால் குறித்திருக்கிறது. மில்டூராவுக்குப் பக்கத்தில் 'எலுமிச்சம்பழம் கடைசி' என்றும் ஒரு குறிப்பு. தினமும் புறப்படும்போது சில்லுக்கு அடியில் பழம் வைத்து நசுக்காமல் அவர் வண்டி எடுக்கமாட்டார்; தெற்கு ஆஸ்திரேலிய எல்லையிலோ பழத்தோடு உள்ளே விடமாட்டார்கள்.

மூன்று யூலை வீணாய்ப் போயிற்று. ஒன்றை மகனின் கலியாணம் தின்றது, ஒன்றைக் கோயில் திருவிழா, ஒன்றை மகேந்திரராஜாவின் முழங்கால். பாலைவனம் மனிதரைச் சகித்துக்கொள்வது குளிர்காலத்தில்தான். இந்த யூலைக்கு டிப்போவில் லீவு கிடைத்திருக்கிறது. அடுத்த யூலையில் எந்த முழங்கால் என்ன சொல்லும் என்று யார் கண்டார்?

தராசுக்கும் காரணம் உண்டு. ஆட்கள் இருவர், உடுப்பு, சாமான் எல்லாம் சேர்த்து மோட்டார் சைக்கிள் தாங்குவது நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ. அதற்கு மேல் ஒரு கிலோவும் ஏற்றமாட்டார், பஸ்காரி. ஆறு மாதமாகக் கூட்டிக் கழித்து, பல்துலக்கும் பிரஷின் பிடியைப் பாதியாக அறுத்து, கணக்கைச் சரியாக நிறுத்தியிருந்தார்.

அதன் பிறகுதான் அந்தப் பிழையை விட்டார். கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபடி, "யூலையில அலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் போறம்" என்று சொல்லிவிட்டார். சாம்பார் அகப்பை அந்தரத்தில் நின்றது. பாயசம் வருவதற்குள் செய்தி சிட்னிக்குப் போய்விட்டது. அலிஸ் ஸ்பிரிங்ஸில் யாருக்குத்தான் சொந்தக்காரர் இல்லை? பனங்கட்டி வந்தது. முறுக்கு வந்தது. ஒரு பிரஷர் குக்கரின் மூடி தனியே வந்தது. குக்கர் ஏற்கனவே அங்கே போய்விட்டதாம். சிட்னியின் கெல்லிவில்லில் இருந்து ஒருவர் பார்சலைத் தபாலில் ரோவிலுக்கு அனுப்பியிருந்தார், அங்கிருந்து கையால் கொண்டுபோய்க் கொடுக்கும்படி. எல்லாவற்றுக்கும் "ஓம், பார்ப்பம்." ஒவ்வொரு பார்சலுக்கும் சிவனேஸ்வரியின் கம்பளிச் சட்டை, பிளாஸ்க், கமரா என்று ஒவ்வொன்று வண்டியின் பக்கப் பெட்டியை விட்டு இறங்கியது. இனி இறக்க அவரிடம் ஒன்றுமில்லை.

புறப்பட ஒரு கிழமை இருக்கையில், கடைசிச் சனிக்கிழமை, கோயில் சிநேகிதி யோகராணி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சிவனேசக்கா, நிரூபாவுக்குப் பத்தியச் சரக்குத்தூள். மூண்டே மூண்டு கிலோதான். பிள்ளை பெத்தவள் அலிஸ் ஸ்பிரிங்ஸில தனிய இருக்கிறாள், நான் ஆவணியிலதான் போவன்."

"தபாலில போடலாமே, தங்கச்சி?" என்றார் மகேந்திரராஜா.

"தபால்காரனுக்குச் சரக்கைப் பற்றி என்னண்ணை தெரியும்? அக்கா கையால குடுத்தாத்தான் என்ர மகள் மறுக்காமக் குடிப்பாள்."

"ஓம், பார்ப்பம்" என்றார் சிவனேஸ்வரி.

யோகராணி போன பிறகு பையையும் சேர்த்து நிறுத்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

மகேந்திரராஜாவின் முகம் வெளித்தது. "நான் அப்பவே சொன்னனான். என்னை இறக்கிப்போட்டு நீர் போய் வாரும். நான் வீட்டைப் பார்க்கிறன்."

அதை அவர் கிழமைக்கு ஒரு தடவையாவது சொல்வார். முப்பது வருடத்தில் வீடு, வேலை, கோயில், விமான நிலையம் தவிர இந்த நாட்டில் எதையும் பாராதவர். அவர் சொல்லும் போதெல்லாம் சிவனேஸ்வரியிடம் பதில் தயாராக இருக்கும்: "கலியாணம் முடிச்ச புதுசில உங்கட சைக்கிள் கரியரில நான் வாய் திறக்காம இருந்தனான். இப்ப உங்கட முறை. பேசாம இருங்கோ."



இந்தத் தடவை சிவனேஸ்வரி ஸ்பானரை எடுத்தார். வண்டிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, மகேந்திரராஜாவின் முதுகுக்கென்று தேடிப் பின்னிருக்கையில் பூட்டியிருந்த சாய்மானத்தைக் கழற்றத் தொடங்கினார். முதல் போல்ட் வந்தது. தகர மூடியில் டங்கென்று போட்டார். இரண்டாவதும் வந்தது.

கதிரை கிறீச்சிட்டது.

மகேந்திரராஜா நொண்டி நொண்டி வந்து இடப்பக்கப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது அவருடைய சின்ன ரைஸ் குக்கர். அது வராவிட்டால் தானும் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து ஏற்றியது. வயிறு நிறைய அரிசியோடு மூன்று கிலோ. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அலுமாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது தலையில் ஹெல்மெட் இருந்தது, வார் இரண்டு பக்கமும் ஆட. தராசில் ஏறி நின்றார். குனிந்து பார்த்தார், வயிறு மறைத்தது.

"இஞ்சாரும்," என்று கத்தினார், "எவ்வளவு காட்டுது?"