வெயிலில் கிடந்த குடைகள்

அன்று அந்த ரோட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். தண்ணீர் வண்டி ஓட்டிய ஜினதாச. குழாய் பிடித்த செல்லையா அண்ணன். விளக்குமாறோடு மாரியாயி அக்கா. விளக்குமாறோடு நான். கணக்குக் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை நிழலில் நின்ற, எங்களை வேலை வாங்கும் ஓவசியர்.

சீருடைக்காரர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் ரோட்டின் இரண்டு முனையிலும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அப்படி நின்றவர்களை இருந்தவர்கள் என்று சொல்லலாமா, எனக்குத் தெரியவில்லை.

போன கிழமை கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்கு நின்றேன். ரோட்டு வேலை நடக்கிறது. உச்சி வெயிலில் ஒரு தண்ணீர் வண்டி புழுதி அடங்க அடித்துக்கொண்டு போனது. கொதிக்கிற தாரில் தண்ணீர் பட்டால் ஒரு வாசம் கிளம்பும். மழை வாசம் மாதிரியேதான் இருக்கும். பக்கத்தில் நின்ற பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கி, "மழ பேஞ்சிச்சா ஆண்டி?" என்று கேட்டது. என் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது, அதிலும் ஏறவில்லை. கால் வலிக்கிற வயதில் இது தேவையா என்று என்னையே ஏசிக்கொண்டு நின்றேன்.

நான் பிறந்தது ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. கொழுந்து எடுத்தேன். கல்யாணம் ஆகி டவுனுக்கு வந்த பிறகு விளக்குமாறு. மாமியார் வீட்டில் எல்லாருமே ரோட்டு வேலைதான். ஈர்க்குக் கட்டை இறுக்கிக் கட்டத் தெரியாமல் முதல் நாள் பாதி ரோட்டில் என் விளக்குமாறு அவிழ்ந்து விழுந்தது. மாரியாயி அக்கா சிரித்தாள். "ஏண்டி, ரோட்டக் கூட்ட வந்தியா, ரோட்டுல குப்ப போட வந்தியா?" அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு சோடி.

எங்கள் வேலையில் இரண்டு பழக்கம் உண்டு. ரோட்டில் கிடந்த பொருளை எடுத்தால் வாய்விட்டு எண்ணித்தான் வண்டியில் போட வேண்டும். ஒரு செருப்பு, ஒரு தொப்பி, ஒரு டிபன் பெட்டி, எதுவானாலும் சரி. ஓவசியர் கொப்பியில் எழுதுவார். பிறகு யாரும் யாரையும் சந்தேகப்படக் கூடாது, அதற்காக. மற்றது, எடுத்த பொருள் சாமான் கொட்டிலில் மூன்று நாள் இருக்கும். சொந்தக்காரர் வரவில்லை என்றால் நாலாம் நாள் எடுத்தவருக்கு. எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு அப்படி வந்ததுதான். ஒரு நாளும் சரியாக ஓடியதில்லை. விட்டவர் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்.

அந்த வருஷம் வாக்குப் போடும் நாளைத் தள்ளிப் போட்டார்கள். பிறகு இன்னொரு தடவை தள்ளிப் போட்டார்கள். மூன்றாம் தடவையும் தள்ளியபோது சனங்கள் ரோட்டில் இறங்கினார்கள். கடைக்காரர், கிளார்க்மார், படிக்கிற பிள்ளைகள், அக்குறணைப் பக்கத்து ஆட்கள், எங்கள் ஆட்களிலும் சிலர். கல் இல்லை, தடி இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டில் அப்படியே உட்கார்ந்தார்கள். தேதியைச் சொல்லும் வரைக்கும் எழும்ப மாட்டோம் என்றார்கள். மாசக்கணக்காக மழை இல்லை. மண்டை வெடிக்கிற வெயில். அதனால் எல்லாரும் குடை பிடித்திருந்தார்கள்.

நாங்கள் பின் ஒழுங்கையில் கானில் இறங்கிச் சாக்கடைச் சேறு அள்ளிக்கொண்டிருந்தோம். கூட்டத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு வேறு சத்தம் கேட்டது, தகரத்தில் கல்லைக் கொட்டுவது போல. கொஞ்ச நேரம்தான். அதன் பிறகு காகம் மட்டும் கத்தியது. தார்ப்பாய் மூடிய லொறிகள் ஒழுங்கை முனையைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். மாரியாயி அக்கா என் தலையைப் பிடித்துக் கானுக்குள் அழுத்தினாள்.

ஊரடங்கு என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜீப் போனது. ஓவசியர் வந்தார். "தண்ணி வண்டியோட வாங்க. அஞ்சு மணிக்குள்ள ரோடு பளிச்சுனு இருக்கணும்" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிச் சொன்னார்.

போனோம். ரோட்டில் ஒரு மனிதர் இல்லை. குடைகள்தான் இருந்தன.

கறுப்புக் குடைகள். பொம்பிளைகளின் பூப்போட்ட குடைகளும் நடுவில். எல்லாம் விரிந்தபடியே கிடந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஆள் குந்தியிருக்கிற மாதிரி. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வரும்போது எல்லாம் ஒன்றாக மெதுவாகத் திரும்பின. நாங்கள் வந்ததைப் பார்க்கத் திரும்பியது போல இருந்தது. மாரியாயி அக்கா என் கையைப் பிடித்தாள். எதற்கும் பயப்படாத மனுஷி.

"தூக்குங்க, தூக்குங்க" என்றார் ஓவசியர்.

முதல் குடையைத் தூக்கினேன். கீழே யாரும் இல்லை. ஒவ்வொன்றையும் தூக்கும்போது இதற்குக் கீழே யாரோ இருக்கிறார் என்று நினைத்தேன். ஒன்றின் கீழும் யாரும் இல்லை. சிலதின் கீழே ரோடு ஈரமாக இருந்தது. அதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை.

மாரியாயி அக்கா பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டாள். "ஒண்ணு..."

"எண்ண வேணாம்" என்றார் ஓவசியர். கொப்பியைத் திறக்கவே இல்லை. அத்தனை வருஷ வேலையில் அந்த வார்த்தையை அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

செல்லையா அண்ணன் குழாயைத் திறந்தார். எடுக்காமல் கிடந்த குடைகளின் மேல் தண்ணீர் விழுந்தது. மழைச் சத்தம். அசல் மழைச் சத்தம். வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் கண்ணைக் குத்தியது. காதில் மழை. அப்படியே நின்றுவிட்டேன். "அக்கே, வேலை, வேலை" என்று வண்டிக்குள்ளிருந்து ஜினதாச மெதுவாகச் சொன்னான். அவன் ரோட்டைப் பார்க்காமல் தன் கைகளையே பார்த்து வண்டியை ஊர்ந்து ஓட்டினான்.

ஐந்து மணிக்கு ரோடு பளிச்சென்று இருந்தது. கான் நிறைய ஓடியது.

அன்று மாலை வானொலியில் சொன்னார்கள். கட்டுகஸ்தோட்டையில் கூடிய சிறு கூட்டம் திடீர் மழையால் கலைந்து சென்றது. அவ்வளவுதான் செய்தி. ஊரடங்கை ஒரு மணித்தியாலம் தளர்த்தியதும் சாமான் வாங்க வந்த சனங்கள் அந்த ரோட்டைப் பார்த்தார்கள். ஈரமாக இருந்தது. வாசமும் வந்தது. "ஓ, பேஞ்சிதான் இருக்கு" என்று ஒரு ஆள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். மறுநாள் ஜினதாச என்னிடம், "அக்கே, நான் இப்ப மழ சாமி" என்றான். பகிடிதான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பேப்பரும் வந்தது. முன்பக்கத்தில் ஒரு கட்டம் வெள்ளையாக இருந்தது. மேலே இருப்பவர்கள் வெட்டச் சொன்ன இடமாம். தேத்தண்ணிக் கடை முதலாளி அதைத் தூக்கிக் காட்டி, "நமக்கு எழுத எடம் விட்டிருக்கான், யாருகிட்டப் பேனா இருக்கு?" என்றார். கடையில் இருந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அவரும் உடனே அதைக் கிழித்து வடை சுற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டு மூன்று நாளில் வெள்ளைக் கட்டமும் நின்றுபோனது. அந்த இடத்தில் பூக்கண்காட்சிப் படம் போட்டார்கள்.

குடைகள் சாமான் கொட்டிலில் இருந்தன. மூன்று நாள். ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? வந்தால் அங்கே இருந்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அது எங்கள் மண்டைக்கு எட்டவில்லை. நாலாம் நாள் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார் ஓவசியர். மாரியாயி அக்கா அவர் போனதும், "மூணு நாளு ஆச்சி. இனி நம்மளுது. ஆளுக்கு ஒண்ணு எடு" என்றாள். பழக்கம் பழக்கம்தானே. அவள் பூப்போட்டது ஒன்றை எடுத்தாள். நான் ஒட்டுப் போட்டது ஒன்றை எடுத்தேன். கிழிசலை ஒட்டிய குடையை யார் தேடப் போகிறார் என்ற புத்தி. பெரிய ஆம்பிளைக் குடை. உள்பக்கம் பச்சைத் துணியில் சதுரமாக ஒரு ஒட்டு. மற்றதெல்லாம் எரிந்தது. கம்பிகள் சிலந்திக் கால் மாதிரி மிஞ்சின.

பத்து நாள் கழித்து உண்மையான மழை வந்தது.

பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். சீலையால் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் அம்மா ஓடி வந்து என் குடைக்குள் நுழைந்தார். என்னைவிட மூத்தவர்.

"கொஞ்சம் உள்ளுக்கு வாறன் தங்கச்சி. முழுக்க நனஞ்சி போச்சி."

"வாங்க ராத்தா. பெரிய குடைதான். ரெண்டு பேருக்குக் காணும்."

அவர் சிரித்தார். முகத்தைத் துடைத்தார். தலையைத் தூக்கினார். பிறகு சிரிப்பு இல்லை. கையை நீட்டி அந்தப் பச்சைத் துண்டின் மூலையைத் தடவினார்.

"இது எங்க எடுத்த?"

"ரோட்டுல கெடந்திச்சு ராத்தா."

"எந்த ரோட்டுல?"

பஸ் வருகிறதா என்று நான் ரோட்டைப் பார்த்தேன்.

"இது என்ட ஊட்டுக்காரர் தைச்சது. பாருங்க, மூல திரும்புற எடத்தில எல்லாம் ரெண்டு தையல் பின்னுக்கு வருவார். டெய்லர். அவர்ட கை எனக்குத் தெரியும்."

"மழையில விட்டுட்டுப் போயிருப்பாங்க" என்றேன். வாயில் அதுதான் வந்தது. வானொலி சொன்னதை நானும் சொன்னேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அண்டைக்கு நான் வாசல்ல மொளகா காயப் போட்டிருந்தன். அந்தி வரைக்கும் காஞ்சிச்சி. ஒரு துளி விழல்ல."

மழை குடையில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மத்தியானம் மறுபடி கேட்டது.

வீட்டுக்காரரைக் காணவில்லை என்று மூன்று இடத்தில் போய் முறைப்பாடு கொடுத்தாராம். ஒரு இடத்திலும் எழுதவில்லையாம். "மழைக்குக் கலைஞ்சி போன ஆள ஊட்டுலதான் தேடணும் எண்டு சென்னாங்க தங்கச்சி. தேடினன். ஊட்டுல எங்க தேடுற? அலுமாரியிலயும் பாத்துட்டன்." கோபமாகச் சொல்லவில்லை. வீட்டு வேலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அலுமாரியையும் திறந்து பார்த்த ஒரு மனுஷியோடு ஒரே குடைக்குள் நின்றேன்.

"ஒரு வார்த்த செல்ல வாங்க. கொட ரோட்டுல கெடந்திச்சி, மழ பெய்யல்ல. அவ்வளவுதான். வேற ஒண்டும் வேணாம்."

"நான் தற்காலிகம் ராத்தா" என்றேன்.

உண்மைதான். ஆறு வருஷமாகத் தற்காலிகம். அந்த மாசம்தான் நிரந்தரமாக்கப் பெயர் எடுத்திருந்தார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொன்ன ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. அவருக்கு விளங்கியது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

குடையை நீட்டினேன். வாங்கினார். மடக்கினார். கொட்டுகிற மழையில் அதை விரிக்காமல், கைக்குழந்தையைப் போலச் சீலைக்குள் அணைத்துக்கொண்டார். இரண்டு அடி போய்த் திரும்பினார்.

"அங்க எத்தன கொட இருந்திச்சி?"

"எண்ணல ராத்தா."

போய்விட்டார். அடுத்த மாசம் எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. இப்போது பென்சன் வருகிறது.

அதன் பிறகு அவரை மூன்று நாலு தடவை பார்த்தேன். மழை நாட்களில் மட்டும். தரிப்பிடத்துக்கு எதிர்ப்பக்கம், மடக்கிய குடையோடு நனைந்துகொண்டு நிற்பார். யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று நின்றாரோ, என்னவோ. என் பக்கம் பார்க்கவில்லை. பிறகு காணவில்லை.

அந்தத் தையல் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். ஜினதாச செத்துப்போனான். செல்லையா அண்ணன் மகளோடு கடல் தாண்டிப் போனார். ஓவசியர் பென்சனில் போகும்போது கொப்பிகளை ஒப்படைத்தாராம். அந்த நாளுக்குரிய பக்கம் வெறுமையாக இருக்கும். ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். அந்தத் தார் எத்தனை தாருக்குக் கீழே இருக்கிறதோ.

பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற அன்று, வீட்டுக்குப் போகாமல் நேரே மாரியாயி அக்காவிடம் போனேன். கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. "வாடி, விளக்குமாத்த அவுத்து விட்டவளே" என்றாள். தேத்தண்ணி குடித்தோம். நான் மெதுவாக, "அக்கா, கொடையெல்லாம் பொறுக்கினோமே, அந்த நாளு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"மறக்குமா? அம்மாடி, அன்னைக்கி என்னா மழ!" என்றாள்.

பகிடி என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. சேலை நனைந்ததை, நடுங்கியதை எல்லாம் சொன்னாள். நான், "மழ இல்லக்கா, நம்ம குழாய்" என்றேன். "போடி பைத்தியக்காரி. எனக்கு இன்னும் காதுல கேக்குது" என்றாள்.

எனக்கும் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் நானும் நனைந்திருப்பேன்.

ராத்தா, நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ. நான் எண்ணினேன். வாய் திறக்கவில்லை, உதடு அசையவில்லை. ஆனால் தோட்டத்திலும் எண்ணி, ரோட்டிலும் எண்ணிப் பழகிய ஆள் நான். ஓவசியர் வேண்டாம் என்றால் நிற்குமா? ஒவ்வொன்றாகத் தூக்கும்போது எண்ணினேன். மாரியாயி அக்கா தூக்கியதையும் சேர்த்து எண்ணினேன். உங்கள் வீட்டுக் குடையையும் சேர்த்து.

நாற்பத்து மூன்று.